ஆங்கில ஆதரவுப் பிரிவின் ஒரே மாணவி

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதை விசாரிக்க ஒரு குழு போடுவார்கள். குழுவுக்கு ஓர் அறை ஒதுக்குவார்கள். அறையைத் திறந்து வைக்க ரிப்பன் கட்டி, நம் பிள்ளைகளைக் கொடியோடு வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்துவார்கள். செகந்திராபாத் பக்கத்து ஏ.எஸ்.ராவ் நகர், நான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம், வாசலில் சிமெண்டில் செய்த பூமி உருண்டை என்று சொன்னால் போதும். அந்தப் பக்கம் அப்படி ஆறு பள்ளிகள் இருக்கின்றன, அதில் ஒன்று.

போன ஜூன் மாதம் இந்தப் பள்ளிக்குச் சர்வதேசத் தரச் சான்றிதழ் ஒன்று வாங்க ஆசை வந்தது. அது கிடைக்க வேண்டுமானால், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கு உதவ ஓர் ஆதரவுப் பிரிவு இருக்க வேண்டுமாம். பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கிய பிள்ளைக்கு யாராவது கைகொடுக்க வேண்டும் என்று எங்கோ ஒரு நல்ல மனிதர் யோசித்திருப்பார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த யோசனை விமானம் ஏறி ஷம்ஷாபாத்தில் இறங்கி எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது, அங்கேதான் கெட்டது.

முதல் வேலையாக எல்லா வீட்டுக்கும் ஒரு படிவம் வந்தது. ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு கட்டம். மொத்தம் அறுநூற்று நாற்பது பிள்ளைகள். அறுநூற்று முப்பத்தொன்பது பிள்ளைகளின் பெற்றோர் ‘ஆங்கிலம்’ என்று எழுதினோம். எழுதினோம் என்றுதான் சொல்கிறேன், அதில் நானும் உண்டு. என் பெயர் கணேஷ்குமார், ஊர் உடுமலைப்பேட்டை. எங்கள் வீட்டில் ஆங்கிலம் கேட்பது வாஷிங் மெஷின் ரிப்பேர்காரருக்கு போன் செய்யும்போது மட்டும்தான். அவரும் தெலுங்கில்தான் பதில் சொல்வார். ஆனால் இந்த ஊரில் எல்லாரும் அந்தக் கட்டத்தில் ‘ஆங்கிலம்’ என்றுதான் எழுதுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரே ஒரு மனிதர் உண்மையை எழுதிவிட்டார். அவர் எங்கள் எதிர் ஃபிளாட் நூர் முகமது. மேலப்பாளையத்துக்காரர், சனத்நகரில் ஒரு எஞ்சினியரிங் ஒர்க்ஸில் சூப்பர்வைசர். ஒரே மகள் ஆஃப்ரின், எட்டாம் வகுப்பு. அவர் அந்தக் கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் கிளார்க் பாமா. செகந்திராபாத் தமிழ் அம்மா.

“சார், தப்பா எழுதிட்டீங்க. உர்துன்னு இருக்கணும்.”

“இல்லைங்க, நாங்க வீட்டுல தமிழ்தான் பேசுதோம்.”

“உங்க பேரு நூர் முகமதுதானே?”

“ஆமா.”

“அப்போ உர்துதானே சார்?”

“எனக்கு உருது தெரியாதுங்க. எங்க வாப்பாவுக்கும் தெரியாது.”

எதிர்முனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு பாமா, “அப்படின்னா இது ரொம்ப சீரியஸ் கேஸ் சார்” என்று சொல்லி போனை வைத்தார்.

இப்படித்தான் ஆங்கில ஆதரவுப் பிரிவுக்கு மாணவி கிடைத்தாள். பிரிவு அதற்கு முன்பே தயாராக இருந்தது. ஓர் இயக்குநர், ஓர் ஒருங்கிணைப்பாளர், ஓர் ஆலோசகர், மதிப்பீட்டாளர் ஒருவர், பெற்றோர் தொடர்பாளர் ஒருவர், ஆவணக் காப்பாளர் ஒருவர், அறையைத் திறந்து பூட்ட ஓர் ஆயா என்று ஏழு பேர். ஏழு பேருக்கு ஆஃப்ரின் ஒருத்தி.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தப் பள்ளியில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளில் ஆஃப்ரினும் ஒருத்தி. மேலப்பாளையத்தில் அவளுக்கு நல்ல டீச்சர் வாய்த்திருந்தார். சும்மாவே அவள் வாய் ஓயாது. லிஃப்டில் மூன்று மாடி ஏறுவதற்குள் இந்தியாவின் பருவமழையைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிடுவாள். பாவம், அது படிவத்தில் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கியது. முதல் நாள் ஒருங்கிணைப்பாளர் சாவித்ரி மேடம் ஆப்பிள் படம் போட்ட அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஆஃப்ரின் எழுந்து, “மேடம், இப்போ எங்க வகுப்புல மேத்ஸ் பீரியட், இயற்கணிதம் ஆரம்பிச்சிருக்காங்க, நான் போகலாமா?” என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டாள். சாவித்ரி மேடம் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது.

மேடம் மயங்கி விழாத குறை. காரணம், விதிப்புத்தகத்தின்படி புது மொழி கற்கும் பிள்ளை முதலில் மௌன நிலையில் இருக்க வேண்டும். பேசு பேசு என்று பிள்ளையை நச்சரிக்காதே, அது தானாகப் பேசும்வரை பொறு என்பதுதான் அதன் அர்த்தமாம். எங்கள் ஆட்கள் அதைப் படித்துப் புரிந்துகொண்டது வேறு. மௌன நிலை தொண்ணூறு நாள், அதற்குள் பிள்ளை பேசக் கூடாது, பேசினால் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

அன்று மாலையே ஏழு பேரும் கூடி ‘முன்கூட்டிய பேச்சுச் சம்பவம்’ என்று அறிக்கை எழுதினார்கள். ஆஃப்ரினின் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தினார்கள். ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவளிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது, அவளும் பதில் சொல்லக் கூடாது என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சுற்றறிக்கை போனது.

நூர் முகமது அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

“என்ன தம்பி இது? இங்கிலீஷ் படிக்கப் போன பிள்ளையை வாயைத் தொறக்காதங்காங்க.”

“விடுங்க பாய், சிஸ்டம்னா அப்படித்தான் இருக்கும். தொண்ணூறு நாள்தானே” என்றேன். சொல்வதற்கு எனக்கென்ன, என் பையன் மேத்ஸ் வகுப்பில்தான் இருந்தான்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவர் அப்படிப்பட்ட மனிதர். பெரிய கட்டடத்தில் உட்கார்ந்து டை கட்டியவர்கள் சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்புகிறவர்.

இருபத்திரண்டாம் நாள் மாடிப்படியில் ஒரு பையன் இடித்ததற்கு ஆஃப்ரின் ‘சாரி’ சொல்லிவிட்டாள். கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. அடுத்த முறை நாற்பதாம் நாள். ஆயாவுக்குத் தலைசுற்றல் வந்து உட்கார்ந்துவிட, இவள் ஓடிப்போய், “யாராவது தண்ணீர் கொண்டு வாங்க” என்று கத்தியிருக்கிறாள். ஆயாவுக்குச் சரியாகிவிட்டது. ஆஃப்ரினுக்கு மறுபடியும் முதல் நாள்.

நவம்பரில் வேறு ஒரு கடிதம் வந்தது. ‘உங்கள் மகள் தொடர்ந்து பள்ளிக்கு வருவதில்லை.’ நூர் முகமது பதறிக்கொண்டு ஓடினார். விஷயம் இதுதான். காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது ‘பிரசன்ட்’ என்று சொன்னால்தான் வந்ததாகக் கணக்கு. இவள் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அறுபத்துமூன்று நாள் ஆப்சென்ட் போட்டிருந்தார்கள்.

ஆதரவு வகுப்பு தினமும் மேத்ஸ் பீரியடில்தான். அரையாண்டில் ஆஃப்ரின் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாள். அதற்கு முன் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. மதிப்பீட்டாளர் அந்த மார்க்கைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘மொழித் தடையின் தெளிவான சான்று’ என்று ஓரத்தில் எழுதினார். ஜனவரி முதல் வாரத்தில் இறுதிக் கடிதம். மாதம் முடிவதற்குள் ஆஃப்ரின் ஆதரவுப் பிரிவிலிருந்து வெளியேறாவிட்டால், வரும் வருடமும் எட்டாம் வகுப்புதான்.

அந்தக் கடிதத்தோடு நானும் அவரும் இயக்குநரைப் பார்க்கப் போனோம். இயக்குநர் ரகுநாதன், செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர். அவர் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும்: ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘நக்கோ’ என்றால் வேண்டாம், ‘கைக்கு’ என்றால் எதற்கு. அறையில் ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது.

“ஹவ் சார், நீங்க வந்தது ரொம்ப நல்லது. டென்ஷன் நக்கோ. உங்க பொண்ணு எங்களுக்குப் பொக்கிஷம் சார். ஒரு குழந்தைக்கு ஏழு பேர்! ஃபின்லாந்துல கூட இந்த ரேஷியோ கிடையாது. போன மாசம் தர ஆய்வுக்காரங்க வந்தாங்களே, ரூமைப் பார்த்துட்டு வாயடைச்சுப் போயிட்டாங்க.”

“சார், அவளுக்கு இங்கிலீஷ் நல்லா தெரியும்.”

“தெரியும் சார், எங்களுக்குத் தெரியாதா? அது இல்லை பிரச்சினை. ஃபைல்ல தெரியலையே.”

“ஒரு தடவை பேசச் சொல்லிக் கேட்டுப் பாருங்க சார்.”

“கைக்கு சார்? பேசினா கணக்கு திரும்ப ஒண்ணாம் நாள் ஆயிடும். குழந்தைக்கு நாமளே கெடுதல் பண்ணலாமா?” ரகுநாதன் முன்னால் சாய்ந்தார். “மனசு விட்டுச் சொல்றேன். எங்க கஷ்டம் உங்களுக்குப் புரியணும். ரூல் என்னன்னா, பிரிவுல எப்பவும் ஒரு லேர்னராவது இருக்கணும். வருஷத்துக்கு ஒருத்தராவது வெளியேறவும் செய்யணும். இருக்கறதே ஒரு ஆளு. நாங்க என்ன பண்றது சொல்லுங்க?”

அப்போது அவர் போன் அடித்தது. “ஹவ் ஹவ், வந்துடறேன். குழம்பு நக்கோ, ரசம் போதும். அப்பளம் இருக்கா?” என்று பேசி வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“சாரி, என் ஒய்ஃப். எங்க வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான் சார். அதான் உங்களுக்கும் ஒரு வழி சொல்றேன். வீட்டு மொழியை மாத்திடுங்க. இங்கிலீஷ்னு ஒரு அஃபிடவிட் குடுங்க. நாங்க குழுவா வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் சாட்சி. அவ்வளவுதான், பொண்ணு அன்னிக்கே வெளிய. எங்களுக்கும் நூறு பர்சென்ட் வெற்றி. ஜூன்ல புதுப் படிவம் குடுக்கறப்போ வேற யாராவது மாட்டாமலா போயிடுவாங்க?”

நூர் முகமது தயங்கினார். “எங்க வீட்டுல அவ உம்மாவுக்கு இங்கிலீஷ் வராது சார்.”

ரகுநாதன் குரலைத் தாழ்த்தினார். “அஞ்சாம் விதியில ஒரு சௌகரியம் இருக்கு. வேலைக்காரங்க பேசற மொழி வீட்டு மொழி ஆகாது. நான் எதுவும் சொல்லலை. நீங்க யோசிச்சுப் பாருங்க.”

வெளியே வந்த பிறகும் நூர் முகமதுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஆனாலும் சொல்லவில்லை. வீட்டில் போய் அவர் நடந்ததை ஒன்று விடாமல் மனைவி மைமூன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளுக்கும் விளங்கியிருக்கிறது.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. பள்ளி வேனில் ஏழு பேரும் வந்து இறங்கினார்கள். ஆயா உட்பட. நான் சாட்சியாக ஆங்கிலப் பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாளே ஆஃப்ரின் சமையலறை டப்பாக்களில் ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். இப்போது பேட்ஜைக் குத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். ஐந்து மாதத்தில் அந்தப் பிள்ளை லிஃப்டில்கூடப் பேசுவதை விட்டிருந்தது. குட்மார்னிங் சொன்னால் பேட்ஜைத் தொட்டுக் காட்டும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது, மாடிப்படியில் இறங்கிப் போய்விடுவேன்.

சாவித்ரி மேடம் கையில் கேள்விப் பட்டியல். பேப்பர் ஆங்கிலமா, டிக் அடித்தார். டி.வி. எந்தச் சேனல், டிக். கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்கள் என்று கேட்டார். நூர் முகமது, “நான் திட்டுறதே இல்லைங்க” என்பதை வேர்க்க வேர்க்க ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். கனவு எந்த மொழியில் வரும் என்று ஒரு கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். ‘இங்கிலீஷ்’ என்று நான் வாயசைத்தேன். அதற்கும் டிக்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. மைமூன் அக்கா நெய்ச்சோறும் தால்ச்சாவும் கோழியும் செய்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆய்வுக் குழு சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ஆங்கிலம் பறந்தது. மதிப்பீட்டாளரும் ஆலோசகரும் தெலுங்கில் கோழியைப் புகழ்ந்தார்கள். சாவித்ரி மேடம் தெலுங்கில் தால்ச்சா கேட்டார். ரகுநாதன், “ஆஹா, என்னா ருசி, இன்னும் ஒரு கரண்டி” என்று என்னிடம் தட்டை நீட்டினார். பரிசோதிக்க வந்தவர்கள் பேசுவது கணக்கில் வராது போலிருக்கிறது.

ஆயா மட்டும் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மைமூன் அக்கா கதவிடுக்கிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பொறுக்க முடியவில்லை. கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

“நல்லா வச்சுச் சாப்பிடுங்கம்மா. இந்தத் துண்டைப் போட்டுக்கோங்க.”

சாவித்ரி மேடம் இடது கையால் பேனாவை எடுத்தார். “யார் இந்த லேடி?”

நூர் முகமது, “இவங்க...” என்று ஆரம்பித்தார்.

ரகுநாதன் உதவிக்கு வந்தார். “குக்தானே சார்? ஹவ், குக்தான்.”

நூர் முகமது மனைவியைப் பார்த்தார். மைமூன் அக்கா அவரைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஆமா சார், நான் இங்க சமையலுக்கு வருதேன்” என்றார்.

சாவித்ரி மேடம் என் பக்கம் திரும்பினார். “சாட்சி?”

நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. “ஆமா மேடம். எங்க வீட்டுக்கும் இவங்கதான் வர்றாங்க” என்று சொன்னேன். மூன்று வருடமாக அவர் கையால் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்த வாய் இது.

மேடம் டிக் அடித்தார். எல்லாம் முடிந்தது. ரகுநாதன் கையெழுத்துப் போடக் கையை மட்டும் கழுவ வேண்டும், பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடுவாள்.

“ஷீ இஸ் மை மதர்.”

ஆஃப்ரின்தான். ஜன்னலை விட்டு நகர்ந்து மேசைக்கு அருகில் வந்து நின்றாள். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. முழுக்க ஆங்கிலம். நடுவில் ஒரு இடத்தில்கூடத் தேடவில்லை.

இவங்க என் உம்மா என்றாள். இவங்க சமைச்சதைத்தான் நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க என்றாள். “எனக்கு ஆறு வயசுலேர்ந்து தினமும் பள்ளிக்கூடத்துல நடந்ததையெல்லாம் நான் இங்கிலீஷ்ல சொல்லுவேன், இவங்க ஒரு வார்த்தை புரியாம உக்காந்து கேப்பாங்க. நான் சிரிச்சா சிரிப்பாங்க. நான் பேசிப் பழகினது இவங்ககிட்டதான். உங்க ரூம்ல ஏழு பேர் இருக்கீங்க. அஞ்சு மாசமா ஒருத்தர்கூட நான் சொல்றதைக் கேக்கலை. என் வாப்பா ஒரு கட்டத்துல உண்மையை எழுதினார், அதுக்காக எங்க உம்மாவை அவங்க வீட்டுலயே வேலைக்காரி ஆக்கிட்டீங்க. எனக்கு வெட்கமா இருக்கு, உங்களை நினைச்சு.” அதோடு பேட்ஜைக் கழற்றி எலும்பு போடும் தட்டில் போட்டாள்.

சாவித்ரி மேடம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். “பதினோரு நிமிஷம். தடங்கலே இல்லை.”

ரகுநாதனின் கண் கலங்கிவிட்டது. “பார்த்தீங்களா சார், எங்க மௌன நிலையோட பலனை! பேசாத குழந்தை எப்படிப் பேசுது பாருங்க!” என்று நூர் முகமதுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு வருத்தத்தோடு, “ஆனா பாருங்க, வீட்டு மொழி இங்கிலீஷ் இல்லைன்னு குழந்தையே சொல்லிடுச்சு. மௌன நிலையிலயும் பேசிடுச்சு. ரூல்னு ஒண்ணு இருக்கே சார். நாளையிலேர்ந்து ஒண்ணாம் நாள்” என்றார். ஆயா மட்டும் போகும்போது மைமூன் அக்காவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

வேன் கிளம்பியதும் மைமூன் அக்கா மகளைப் பிடித்துக்கொண்டார். “ஏம்ட்டி இப்படிப் பண்ணுன? ஒரு மணி நேரம் சமையல்காரின்னு இருந்தா நான் என்ன தேய்ஞ்சா போயிருவேன்? ஒரு வருசத்தைத் தொலைச்சிட்டியே, பாவி!” என்று அவள் முதுகில் அடித்தார். அடித்துவிட்டு அவளையே கட்டிக்கொண்டு அழுதார். நூர் முகமது சாப்பாட்டு மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் பேப்பரை எடுத்துக்கொண்டு நழுவினேன்.

அந்த வாரமே பள்ளி வாசலில் பூமி உருண்டைக்குப் பக்கத்தில் பெரிய பேனர் எழுந்தது. ஆஃப்ரினின் புகைப்படம். ‘மௌனத்திலிருந்து பதினோரு நிமிடம்! எங்கள் ஆதரவுப் பிரிவின் சாதனை!’ அதே நாள் வீட்டுக்கு வந்த கடிதத்தில், சாதனை மாணவி எட்டாம் வகுப்பைத் திரும்பவும் படிக்க வேண்டும் என்று இருந்தது.

நூர் முகமது மறுநாள் வேலைக்கு லீவு போட்டார். சனத்நகரில் தன் ஒர்க்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கு மகளைக் கூட்டிப்போனார். அந்தத் தலைமையாசிரியை கணக்கில் நாலு கேள்வி கேட்டார், ஆஃப்ரின் இரண்டைத் தப்பாகப் போட்டாள். “இதெல்லாம் ரெண்டு மாசத்துல சரி பண்ணிடலாம், ஜூன்ல ஒன்பதாவதுல உக்காரட்டும், டி.சி. மட்டும் கொண்டு வாங்க” என்றாராம்.

மறுநாள் டி.சி. வாங்க அவரோடு நானும் போனேன். கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். வழியில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

ரகுநாதன் அலறினார். “டி.சி.யா? நக்கோ சார், நக்கோ! பேனர்ல போட்டோ போட்டிருக்கோம். இருக்கறதே ஒரு லேர்னர். நாங்க ஏழு குடும்பம் சார்!”

“டி.சி. குடுங்க.”

“கைக்கு சார் இந்தக் கோபம்? ரெண்டு பீரியட் கூட்டித் தரேன்.”

“டி.சி. குடுங்க” என்றார் நூர் முகமது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். வராண்டாவில் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

ரகுநாதன் உட்கார்ந்துவிட்டார். பாமா படிவத்தை எடுத்து நிரப்பிக்கொண்டே வந்து பேனாவை நிறுத்தினார். “சார், ‘பள்ளியை விட்டு விலகும் காரணம்’னு ஒரு கட்டம் இருக்கு. குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுடட்டுமா? எல்லாருக்கும் அதான் போடுவோம்.”

“வேண்டாம்மா” என்றார் நூர் முகமது. “அவ உம்மா சமையல்காரி இல்லைன்னு எழுதுங்க.”

பாமா இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் சுவரைப் பார்த்தார். நூர் முகமது மேசையில் கையை ஊன்றியபடி, பாமா எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.